‘ஜோ’வின் முதல் சுருளில் கத்தரி வைக்காதீர்கள்

திரைப்படச் சங்கங்களின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ‘ஹாலிவுட் நடிகை சூசன் சரண்டன் அறிமுகமான படம்’ என்று சுவரொட்டி ஒட்டிவிட்டு, அவர் உடையின்றி வரும் தொடக்கக் காட்சிகளை வெட்டித்தான் ‘ஜோ’ (1970) என்ற அமெரிக்கப் படத்தைத் திரையிட முடியும் என்றால், அந்தப் படத்தையே விட்டுவிடுங்கள்.

கணவர் கிறிஸ் சரண்டனுடன் நடிகர் தேர்வுக்குப் போனவர் சூசன். கணவருக்கு வேடம் கிடைக்கவில்லை; இவருக்குக் கிடைத்தது. வேடம் மெலிசா: வசதியான வீட்டை விட்டு வந்து, நியூயார்க்கில் போதைப்பொருள் விற்கும் காதலனோடு வாழும் பெண். குளியல் தொட்டி, போதை, மருத்துவமனை என்று முதல் சுருளிலேயே அவள் கதை சரிகிறது. அப்பா அந்தக் காதலனைக் கொன்றுவிட்டு மதுக்கடைக்குள் நுழைகிறார். அங்கே ஹிப்பிகளை வெறுக்கும் தொழிலாளி ஜோ (நடிகர் பீட்டர் பாயில்) உட்கார்ந்திருக்கிறான். அதன்பின் படம் பெரும்பாலும் அந்த இரு ஆண்களுடையது. கடைசியில் துப்பாக்கியோடு நிற்கும் அப்பா, தப்பி ஓடும் ஒரு பெண்ணை முதுகில் சுடுகிறார். அவள் மெலிசா. தொடக்கத்தில் அவளோடு பழகாத பார்வையாளருக்கு அங்கே விழுவது யாரோ ஒரு ஹிப்பிதான். ஜோவின் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். வெட்டினால் படம் ஜோவின் பக்கம் சாய்ந்துவிடும்.

இது வீண் அச்சம் அல்ல. 1970 மே 8 அன்று நியூயார்க்கில் கட்டுமானத் தொழிலாளர்கள் வியட்நாம் போரை எதிர்த்த மாணவர்களை அடித்து நொறுக்கினார்கள். ஜூலையில் படம் வந்தபோது, ஹிப்பிகள் சுடப்படும் காட்சிக்கு அரங்கில் ஆரவாரம் எழுந்தது. அதிர்ந்துபோன பாயில், வன்முறையைப் போற்றும் வேடங்கள் இனி வேண்டாம் என்றார்.

உடலைக் காட்டி ஆள் சேர்க்கும் எண்ணம் தயாரிப்பாளர்களுக்கு இருந்ததில்லை என்று நாங்கள் வாதாடவில்லை. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று நுழைவுச்சீட்டிலேயே அச்சிடுங்கள். படம் தொடங்கியபின் கதவைச் சாத்துங்கள். பத்து நிமிடம் தாமதமாக வருபவருக்கும் வெட்டிய படம்தான் கிடைக்கிறது.

35 மி.மீ. பிரதி கிடைத்தால் முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். அக்கால ஈஸ்ட்மன் வண்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் முகங்கள் செக்கச்சிவந்து தெரியும். புரொஜெக்டர் விளக்கை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது; வேறு பிரதிதான் தேட வேண்டும். 2,000 அடிச் சுருள் சுமார் 22 நிமிடம் ஓடும். முதல் சுருளின் நீளத்தை அளந்து, அனுப்பியவர் தரும் கணக்கோடு ஒப்பிடுங்கள். சுருளை வெட்டி ஒட்டிய இடங்களையும் எண்ணுங்கள். முன்பு படம் ஓட்டியவர்கள் வெட்டிய இடம் அங்கேதான் தெரியும்.

தமிழ் வசன வரி போடுவதானால் மதுக்கடைக் காட்சியில்தான் அதிக நேரம் பிடிக்கும். ஜோ மூச்சுவிடாமல் கொட்டுகிறான். தமிழில் வினை கடைசியில் வருவதால், வசை திரையில் விழுவதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது. ஒரு தடவைக்கு இரண்டு வரி போதும். அடைமொழிகளைக் குறையுங்கள், வசையைக் குறைக்காதீர்கள். கறுப்பினத்தவர் மீதும் ஹிப்பிகள் மீதும் அவன் துப்பும் சொற்களை நாகரிகமாக்கினால், அவன் வேடிக்கையான குடிகாரனாகிவிடுவான்.

படம் முடிந்ததும் உடனே விளக்கைப் போடாதீர்கள். பெயர்ப்பட்டியல் முழுவதும் ஓடட்டும்.

இப்படிக்கு,
பழைய படச்சுருள்களைச் சரிபார்த்துத் திரையிடும் சிலர்