வாயைக் கட்டு என்று சொன்னவளுக்கு

சாத்தூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள மகா,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் இருக்கட்டும். போன வாரம் போனில் என் சுகர் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது "வாயைக் கட்டுடி, அவ்வளவுதான் விஷயம்" என்று தீர்ப்பு எழுதிவிட்டு, குக்கர் விசில் வருகிறது என்று வைத்துவிட்டாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இது. வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

முதலில் வீட்டுச் செய்தி. அத்தைக்கு முட்டுவலி அப்படியே இருக்கிறது, வாய் மட்டும் முன்னைவிட நன்றாக இருக்கிறது. தம்பிக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது, சம்பளம் எவ்வளவு என்று என்னிடம் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான். நம் ஹாஸ்டல் ஒல்லிக்குச்சி சாக்பீஸைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ரெண்டு பிள்ளை பெற்று, ஒன்றுக்குக் கல்யாணமும் முடித்துவிட்டாள், ஆனால் ஹாஸ்டலில் பார்த்த அதே சாக்பீஸ். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். "எல்லாமே சாப்பிடுறேன்பா" என்றாள். இவளை எல்லாம் என்ன செய்வது சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c என்பார்களே, அது) 6.1 வந்திருக்கிறது. 5.7க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.5 வந்துவிட்டால் சர்க்கரை நோயாளி. நான் நடுவில் நிற்கிறேன். டாக்டரம்மா டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் கணக்காம், எனக்கு 93. உயரத்துக்கும் எடைக்கும் போடுகிற அந்த பிஎம்ஐ கணக்கிலும் வெள்ளைக்காரர்களுக்கு 25 வரை சரி என்றால் நமக்கு 23லேயே மணியடித்துவிடுகிறார்கள். நம் உடம்புவாகு அப்படி, கை கால் எல்லாம் குச்சியாக இருக்கும்போதே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கட்டிவிடுகிறது. என் கை கால் குச்சியாகவும் இல்லை என்பது வேறு விஷயம், நீ சிரிக்க வேண்டாம்.

சோற்றைக் குறைத்துவிட்டேன் மகா. அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. காலையில் ரெண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறும் நிறையக் காயும், ராத்திரி ஏழரைக்குள் கோதுமை உப்புமா என்று பெரிய தபஸ்வி மாதிரி இருக்கிறேன். தபசு கலைவது சாயங்காலம் நாலரைக்கு. நான் எந்த ஊரில் குடியிருக்கிறேன் என்பதை நீ கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு நடந்து வருகிற வழி பூராவும் சேவுக் கடை. அந்த நேரத்தில்தான் அடுப்பும் மூட்டியிருப்பார்கள். வாணலிக்கு மேலே கண் வைத்த கரண்டியைப் பிடித்துக்கொண்டு, மாவை உள்ளங்கையால் அழுத்தி ஒரு தேய் தேய்த்தால் கொதிக்கிற எண்ணெயில் பொலபொலவென்று விழும். பூண்டும் மிளகும் வேகிற அந்த வாசனை தெருமுனைக்கே வந்து கையைப் பிடித்து இழுக்கும். காலையில் இருந்து ஏழு பீரியடு கத்திவிட்டு, தொண்டை வறண்டு, மதியச் சாப்பாடு எப்போதோ கரைந்துபோன வயிற்றோடு அந்த வழியாக வருகிறவளிடம் போய் வாயைக் கட்டு என்கிறாய்.

கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. 100 கிராம் சேவில் 500 கலோரிக்குக் குறையாது. ஒரு மணி நேரம் வேர்க்க வேர்க்க நடந்தால் என் எடைக்கு 250, மிஞ்சிப்போனால் 300 கரையும். டீவி பார்த்துக்கொண்டே நான் கொறிப்பதை ஈடுகட்ட விருதுநகர் வரைக்கும்தான் நடக்க வேண்டும். தெரிந்தும் கை போகிறது என்றால் அது அறிவில் இருக்கிற கோளாறு இல்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பி.எட். படிக்கும்போது சைக்காலஜி மேடம் ஒரு கதை சொல்வார்களே, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் சின்னப் பிள்ளைகள் முன்னால் ஒரு மிட்டாயை வைத்துவிட்டு, நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் ரெண்டாகத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள் என்று. பொறுத்திருந்த பிள்ளைகள்தான் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள், அதனால் மன உறுதிதான் எல்லாம் என்று முடிப்பார்கள். நீ அதைத் தேர்விலும் எழுதி மார்க் வாங்கினாய். தம்பி அனுப்பிய கட்டுரைகளை இப்போது உட்கார்ந்து படித்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. 2018இல் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து மறுபடி கணக்குப் பார்த்திருக்கிறார்கள். வீட்டு வசதி, அம்மாவின் படிப்பு இதையெல்லாம் சேர்த்துப் பார்த்ததும் அந்த 'பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள்' பெருமளவு தேய்ந்துவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது மேடம் சொல்லாமல் விட்ட பாதி. மிட்டாயைக் கண்ணில் படாமல் மூடி வைத்தபோது அதே வயசுப் பிள்ளைகள் வெகுநேரம் பொறுத்திருக்கிறார்கள். திறந்து வைத்தபோதும் சமாளித்த பிள்ளைகள் மிட்டாயை முறைத்துப் பார்த்து ஜெயிக்கவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதாவது வாயைக் கட்டவில்லையடி, கண்ணைக் கட்டினார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1998இல் பாமைஸ்டர் என்ற ஆள், அப்போதுதான் சுட்ட சாக்லேட் பிஸ்கட் மணக்கிற அறையில் ஆட்களை உட்கார வைத்து, சிலருக்கு பிஸ்கட்டும் சிலருக்கு வெறும் முள்ளங்கியும் கொடுத்தாராம். என்ன கொடுமை பார். முள்ளங்கி தின்றவர்கள் அதற்குப் பிறகு கொடுத்த புதிரைச் சீக்கிரம் கைவிட்டுவிட்டார்கள். அதனால் மன உறுதி என்பது செலவழித்தால் தீர்ந்துபோகிற சரக்கு என்று முடிவு கட்டினார்கள். ரொம்ப வருஷம் ஊரெல்லாம் அதைத்தான் பேசியது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2,000க்கு மேற்பட்ட ஆட்களை வைத்து வேறொரு முறையில் அந்தக் கருத்தைச் சோதித்தால் ஒன்றும் பெரிதாகத் தேறவில்லை. மன உறுதி தீருமா தீராதா என்றே படித்தவர்களுக்குள் அடிதடி நடந்துகொண்டிருக்கும்போது, அது எனக்கு இல்லை என்று நீ மட்டும் எப்படிக் கண்டுபிடித்தாய்?

எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருவருடைய அக்கா வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறாராம், சர்க்கரைக்கும் எடைக்கும் என்று 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மவுன்ஜாரோதான். எடை இறங்குவதைவிட அவருக்கு ஆச்சரியமாக இருப்பது வேறொன்று. எந்நேரமும் மண்டைக்குள் 'டப்பாவில் முறுக்கு இருக்கிறது, டப்பாவில் முறுக்கு இருக்கிறது' என்று ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோய்விட்டதாம். எல்லாருக்கும் மண்டைக்குள் இப்படி ஓடும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாராம். இதைக் கேட்டு நான் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தேன். ஒரு மருந்தால் அந்தப் பேச்சை அடக்க முடிகிறதென்றால் அது எப்படி ஒருத்தியின் குணத்தில் இருக்கிற குறையாகும்? எனக்கு ஊசி வேண்டாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார், விலையைக் கேட்டால் சும்மாவே மெலிந்துவிடலாம். இந்த வகை ஊசிகளை நிறுத்தினால் இறங்கிய எடையில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது என்றும் படித்தேன். ஆனால் சாக்பீஸ் மண்டையில் அந்தப் பேச்சே ஓடுவதில்லை என்று இப்போது புரிகிறது. அவள் எதையும் கட்டவில்லை, அவளுக்குக் கட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் வந்ததற்கு இதெல்லாம் காரணம் இல்லை. அம்மா காரணம்.

அம்மாவிடம் எல்லாரும் அதைத்தான் சொன்னோம். அப்பா, டாக்டர், மாமா, நான், எதிர் வீட்டு டீச்சர்வரை. வாயைக் கட்டு, வாயைக் கட்டு. ஒரு முறுக்கை எடுத்தால் நாலு பேர் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் யாரும் பார்க்காதபோது, ராத்திரி அடுக்களையில் விளக்குப் போடாமல் நின்றுகொண்டு, அவசர அவசரமாக நாலாகத் தின்றாள். அதுகூடப் பரவாயில்லை. சுகர் டெஸ்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். நம்பர் கூடியிருந்தால் வீட்டில் திட்டு விழுமே என்று பயந்து, போன மாசம்தான் பார்த்தேன், நார்மல் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். காலில் செருப்புக் கடித்த இடம் புரையோடிய பிறகுதான் எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. மிச்சம் உனக்குத் தெரியும், நீதான் ஆஸ்பத்திரியில் என்னோடு ராத்திரி தங்கினாய். அம்மாவுக்குச் சர்க்கரை வந்ததற்கு முறுக்கு மட்டுமா காரணம், பாட்டிக்கும் இருந்தது. ஆனால் அவள் அதை மறைத்ததற்கு நாங்கள் காரணம். அதனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னிடம் சொல்லாதே மகா. வேறு என்ன வேண்டுமானாலும் சொல், குண்டு என்றுகூடச் சொல்.

சரி, இப்போது என்ன செய்கிறேன் என்று கேள். வழியை மாற்றிவிட்டேன். ரயில்வே ஃபீடர் ரோடு வழியாகச் சுற்றி வருகிறேன், கொஞ்சம் தூரம் கூட, அந்த வாசனை இல்லை. ஸ்டாஃப் ரூமை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே சுண்டலோ அவித்த கடலையோ ஒரு டப்பா காலி செய்துவிடுகிறேன். பசியோடு தெருவில் இறங்குவதில்லை, அதுதான் பாதி வேலை. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு கூவி விற்பார்களே, இத்தனை வருஷம் அது பஸ்ஸில் போகிறவர்களுக்கு என்று விட்டுவிட்டு நாம் சேவுதான் தின்றிருக்கிறோம். உப்பும் மிளகாய்த்தூளும் தடவினால் நறுக்கென்று கடிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சேவுக்கு ஈடாகாது, பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டில்தான் பெரிய கூத்து. சேவு டப்பாவைப் பரண்மேல் ஏற்றினேன். அத்தைக்குத் தயிர்சாதத்துக்குச் சேவு இல்லாமல் இறங்காது, பல் இல்லாவிட்டாலும் ஊறவைத்துத் தின்பார். "எம் புருஷன் இருந்தவரைக்கும் இந்த வீட்டுல சேவு கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு" என்று ஒரு பாட்டம். இவர் ஒன்றும் பேசாமல் ஏணியைக் கொண்டுவந்து போட்டு இறக்கினார். ஏணி அதற்குப் பிறகு அங்கேயே நிற்கிறது. இப்போது ஒரு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. டப்பா அத்தை அறையில், அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். எனக்கு வேண்டுமென்றால் போய்க் கேட்டு வாங்க வேண்டும். அவரிடம் போய்க் கேட்பதற்குச் சும்மா இருக்கலாம் என்று தோன்றிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, டீவியை அணைத்துவிட்டு, எல்லாரும் பார்க்க உட்கார்ந்து தின்கிறேன். ஒளித்துத் தின்னக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

சிறுதானிய முறுக்கு, ஓட்ஸ் பிஸ்கட், கருப்பட்டி மிட்டாய் என்று எதையாவது கொண்டுவந்து "இது உடம்புக்கு நல்லது" என்று நீட்டுகிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை. கேழ்வரகை எண்ணெயில் போட்டால் அது எண்ணெய் குடிக்காதா? கருப்பட்டியும் வெல்லமும் ரத்தத்தில் போனால் சர்க்கரைதான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள், ஆனால் அது மருந்து என்று யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. எங்கள் கணக்கு சார் அதை நம்பி ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் உள்ளே தள்ளுகிறார்.

எடை பெரிதாக இறங்கவில்லை. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனபோது டாக்டரம்மா சொன்னார், சென்னையில் என் மாதிரி நடுவில் நிற்கிறவர்களை, 531 பேரை, மூன்று வருஷம்போலப் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்களாம். வழக்கம்போல விட்டவர்களில் 100க்கு 55 பேர் சர்க்கரைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். நடையும் சாப்பாட்டு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் 39 பேர்தான். அவர்களுக்கும் எடை ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லையாம். எடை மெஷினைப் பார்த்து அழாதே, நடையை விடாதே என்றார். 39 கூட நிறையத்தானே என்று கேட்டேன். "55ஐவிட எவ்வளவோ மேல்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

நீ தை மாசம் வருகிறாய் அல்லவா, தயவுசெய்து மதுரையில் இருந்து அல்வா எதுவும் தூக்கிக்கொண்டு வராதே. பூ வாங்கி வா. வருவதற்கு முன்னால் நீயும் ஒரு டெஸ்ட் எடு, உன் அப்பாவுக்கும் இருந்தது, உனக்கும் வயசு 48 ஆகிறது, குக்கர் விசிலைச் சாக்குச் சொல்லாதே. என்ன நம்பர் வந்தாலும் அப்படியே அனுப்பு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை வீட்டார் மொய் விஷயம் நேரில் பேசிக்கொள்ளலாம், அது பெரிய கதை.

உன்
குண்டு ராணி