பங்களா கேட்டைத் தொறந்து விடுங்க

மதிப்புக்குரிய தோட்ட நிர்வாகத்துக்கும், பங்களாவ எடுத்து ஹோட்டல் நடத்துறவங்களுக்கும்,

வணக்கம். போன மாசம் செத்துப்போன எங்க அப்பாயிய மையானத்துக்குத் தூக்கிட்டுப் போறப்ப பங்களா கேட்டுல மறிச்சது ஒங்களுக்கே தெரியும், செக்யூரிட்டி ஒங்களுக்கு போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் வழி இல்லன்னு சொன்னாரு, அதனால மொதல்லேருந்து சொல்லல.

பங்களா ரோட்டால போனா மையானத்துக்கு பத்து நிமிசம். உள்ள டூரிஸ்ட் இருக்காங்க, தப்பு மோளச் சத்தம் கேக்கும், கீழ் மலையால சுத்திப் போங்கன்னீங்க. தப்ப நிப்பாட்டிட்டே போறோம்னும் கெஞ்சிப் பாத்தோம். மழை வேற. தேயிலைக்குள்ள ரெண்டு பேரு சேந்து நடக்கவே எடமில்ல, முன்னால புடிச்சிருந்த சித்தப்பா கால் தண்ணி போற கானுக்குள்ள போயி, எங்க அப்பாயி பொட்டி ஒரு பக்கமா சாஞ்சிருச்சு. எங்கப்பா ரெண்டு கையாலயும் பொட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு "ஆத்தா ஆத்தா"ன்னு கத்துனது இன்னும் காதுலயே இருக்கு.

அப்பாயி அந்த பங்களாவுலயே வேல பாத்தவ. பங்களாவுக்குப் பின்னால சங்கிலி போட்டு வெள்ளக்காரத் தொரை குடும்பத்துக் கல்லறைங்க இருக்கே, அதுல சின்னது ஒரு புள்ளயோடது. பெத்தவ சீமைக்குப் போயிட்டா, நாமதான பாத்துக்கணும்னு அப்பாயிதான் வருசக்கணக்கா புல்லு புடுங்கி பாசி தேச்சு வச்சா. இப்ப அதுக்கு போர்டு வச்சு டூரிஸ்டுக்கு காட்டுறீங்க. காட்டுங்க, செத்தவங்களுக்கு மரியாத குடுக்கிறத நாங்க ஒருநாளும் தப்புன்னு சொல்ல மாட்டோம். அந்தக் கல்லறைய பாத்துக்கிட்டவள அதப் பக்கமா தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னா, அது என்ன ஞாயம்?

தேயிலைக்கு முந்தின காப்பிக் காலத்துல இந்தியாவுலேருந்து இலங்கைக்கு வந்து மன்னார்ல எறங்கி காட்டு வழியா நடந்தே வந்த சனம் நாங்க. 1948ல பிரஜாவுரிமைய பறிச்சாங்க, இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துல அப்பாயி கூடப் பொறந்தவங்கள இந்தியாவுக்குக் கப்பலேத்துனாங்க. 2023ல நம்ம சனம் வந்து 200 வருசம்னு தலைமன்னார்லேருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்களே, அதுல கேட்டதும் காணிதான், இன்னும் தோட்டத்து வரிசை வீடான லயத்துலதான் கெடக்கோம். 1975ல தோட்டம் அரசாங்கத்துக்குப் போச்சு, 1992ல கம்பெனிகிட்ட போச்சு, எத்தன கை மாறுனப்பவும் பொணம் போற ரோட்ட யாரும் அடச்சதில்ல. நீங்க அடச்சிட்டீங்க.

கோவத்துல கூடப் பேசியிருந்தா மன்னிச்சுக்கங்க. நாங்க கேக்கிறது ஒண்ணுதான், அந்த கேட்டைத் தொறந்து விடுங்க, இனிமே அடைக்க மாட்டோம்னு எழுத்துல குடுங்க. மையானத்து எல்லையையும் அளந்து கல்லு போட்டுக் குடுங்க, புதுசா நட்ட தேயிலை குழி மேட்டுக்கிட்டயே வந்திருச்சு.

வாற ஞாயித்துக்கெழம அப்பாயிக்கு முப்பதாம் நாள். காலையில ஒம்பது மணிக்கு பூவும் தேத்தண்ணியும் எடுத்துக்கிட்டு பங்களா ரோட்டாலதான் வருவோம். தயவுசெஞ்சு கேட்டைத் தொறந்து வைங்க.

இப்படிக்கு,
மேட்டு லயத்துப் பேரன்