ஏழடி இரண்டங்குலம் மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற வார விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பாரைப் பற்றிய கட்டுரையைக் கண்டேன். கூடைப்பந்துக்கு அரைப்பக்கம் கிடைத்ததே பெரிது என்று மகிழ்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன், மூன்றாவது பத்தியில் "ஏழடி இரண்டங்குல உயரம் இருந்தால் யார்தான் பந்தைக் கூடையில் போடமாட்டார்கள்?" என்ற வரியைப் படித்ததும் இதழை மடித்து வைத்துவிட்டேன். மீதிக் கட்டுரையை மறுநாள் காலையில்தான் படிக்க மனம் வந்தது.

யார் போடமாட்டார்கள் என்று தாங்கள் கேட்டதால் சொல்கிறேன். நான் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். ஒன்பதாம் வகுப்பிலேயே ஆறடி மூன்றங்குலம் வளர்ந்துவிட்ட ஒரு மாணவன் எங்களிடம் இருந்தான். "இவனைக் கூடைக்கடியில் நிறுத்தினால் போதும், கோப்பை நமக்குத்தான்" என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அறிவில்லாமல் அப்படியே நிறுத்தினேன். முதல் ஆட்டத்தில் அவனுக்குப் போட்ட பந்துகளில் பாதி அவன் மார்பில் பட்டுத் தெறித்தன. அவன் எடுத்தது மொத்தம் 2 புள்ளிகள். பார்வையாளர்கள் 'பனைமரம்' என்று கூவியதில் அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை. அதன்பின் தினமும் காலையில் கூடைக்கடியில் நின்று, வலக்கையால் ஒன்று, இடக்கையால் ஒன்று எனப் பந்தைத் தரையில் விழவிடாமல் மாற்றி மாற்றிப் போடும் பயிற்சியை ஒன்றரை ஆண்டு செய்த பிறகுதான் அவனுக்குக் கைகள் இரண்டு என்பதே புலப்பட்டது. அதற்கு மேலும் வளர்ந்திருப்பான், பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அது வேறு கதை.

அந்தப் பயிற்சிக்கு மைக்கன் பயிற்சி என்று பெயர். 1950-களில் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு ஆடிய ஜார்ஜ் மைக்கனின் பெயரால் வழங்குவது. நியூயார்க்கில் லூ அல்சிண்டர் என்ற பெயரோடு வளர்ந்த சிறுவன் கரீம், தொடக்கப்பள்ளி வயதிலேயே இந்தப் பயிற்சியில் ஊறி, அதிலிருந்துதான் தன் ஹூக் ஷாட்டை வளர்த்தெடுத்தார். தடுப்பவனுக்கு இடத்தோளைக் காட்டித் திரும்பி, ஒற்றைக்காலில் எழும்பி, பந்தை உடம்புக்கு அப்பால் வலக்கையின் முழு நீளத்துக்கும் உயர்த்தி, உச்சியில் மணிக்கட்டை மட்டும் சொடுக்கி விடுகிற அந்த வீச்சில், பந்துக்கும் தடுப்பவனுக்கும் நடுவே ஒரு முழு உடம்பே நிற்கிறது. ஆகவேதான் தடுக்க முடியவில்லை. உயரம் அதற்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அவரோடு ஆடிய மேஜிக் ஜான்சன், அவரைவிட ஐந்தங்குலம் குட்டை, 1987 இறுதிப் போட்டித் தொடரின் நான்காவது ஆட்டத்தில், எதிரணியின் ஊரான பாஸ்டனிலேயே, கடைசி நொடிகளில் அதே வீச்சின் சிறு வடிவத்தைப் போட்டுத்தான் 107-106 என வென்றார் என்பது தாங்கள் அறியாததல்ல. உயரமே எல்லாம் என்றால், சூடானிலிருந்து வந்த மனூட் போல் என்ற வீரரைப் பாருங்கள்: உயரம் ஏழடி ஏழங்குலம், அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.வில் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் 1,599, தடுத்து வீழ்த்திய வீச்சுகள் 2,086. தடுப்பதில் அவர் மன்னர்தான், குறை சொல்லவில்லை. கூடையில் போடுவது வேறு வித்தை என்பதற்காகச் சொன்னேன்.

உயரத்தின் மகிமையைப் பாடிய கட்டுரையாளர், அந்த உயரத்தைப் பறிக்க முயன்ற கதையை ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கல்லூரியில் கரீம் ஆடிய முதல் பருவத்தில் ஜான் வுடன் பயிற்றுவித்த யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணி 30 ஆட்டங்களில் முப்பதையும் வென்றது. அந்த 1967-லேயே, கல்லூரி ஆட்டங்களில் இனி யாரும் டங்க் (எழும்பிப் பந்தைக் கூடைக்குள் கையாலேயே திணிப்பது) செய்யக்கூடாது என்று விதி வந்தது. அது தம்மை, அதுவும் ஒரு கறுப்பின வீரரை, குறிவைத்த விதி என்றே கரீம் கருதினார். 1976 வரை அது நீடித்தது. கைக்கெட்டிய தூரத்தில் இருந்த எளிய வழியை அடைத்துவிட்டார்கள். அவர் ஹூக் ஷாட்டை இன்னும் கூர்தீட்டிக்கொண்டு, 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கல்லூரியை விட்டார். மூன்று பருவங்களில் வென்றது 88, தோற்றது 2. அந்தத் தோல்விகளில் ஒன்று கண்ணில் அடிபட்டு ஆடியது. தங்கள் கட்டுரை 'வேடிக்கைக் கண்ணாடி' என்று குறிப்பிடுவது, பிறர் விரலும் நகமும் விழிப்படலத்தைப் பலமுறை கிழித்த பிறகு அவர் அணிந்துகொண்ட காப்புக் கண்ணாடியைத்தான்.

'திடீரெனப் பெயரை மாற்றிக்கொண்டார்' என்பதும் அதே கட்டுரையில் உள்ளது. திடீரென ஒன்றும் இல்லை. அல்சிண்டர் என்பது தம் முன்னோரை அடிமைகளாக வைத்திருந்தவனின் பெயர் என்று அவரே விளக்கியிருக்கிறார். கல்லூரி நாள்களிலேயே இஸ்லாத்தைத் தழுவியவர், 1971-ல்தான் புதிய பெயரை ஊரறியச் சூடினார். 1967-ல் வியட்நாம் போருக்குப் போக மறுத்த முகம்மது அலிக்குத் துணை நிற்க கிளீவ்லாந்தில் கூடிய விளையாட்டு வீரர்களில் இருபது வயது மாணவராக இவரும் உட்கார்ந்திருந்தார். 1968 ஒலிம்பிக்குக்குப் போக மறுத்தார். இவையெல்லாம் அவர் உயரத்தால் நேர்ந்தவை என்று அடுத்த கட்டுரையில் எழுதாமல் இருந்தால் நன்றி உடையவனாவேன்.

20 பருவங்கள், 1,560 ஆட்டங்கள், 38,387 புள்ளிகள், ஆறு முறை ஆண்டின் சிறந்த வீரர். 1985 இறுதிப் போட்டித் தொடரின் முதல் ஆட்டத்தில் அவருடைய லேக்கர்ஸ் அணியைப் பாஸ்டன் 148-114 என நசுக்கியபோது அவருக்கு வயது 38. அன்று அவர் எடுத்தது 12 புள்ளிகள், 3 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் தெறித்த பந்தைப் பிடிப்பது). கிழவன் முடிந்தான் என்று எழுதினார்கள். அடுத்த ஆட்டத்தில் 30 புள்ளிகளும் 17 ரீபவுண்டுகளும் எடுத்து, அந்தத் தொடரின் சிறந்த வீரராகவும் ஆனார். இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் அவர் ஓரங்குலமும் வளரவில்லை. 42 வயதுவரை உடம்பு தாங்கியதற்கு யோகாசனம் ஒரு காரணம் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆண்டுதோறும் யோகா தினத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கும் தங்கள் இதழுக்கு இதுகூடவா கண்ணில் படவில்லை?

ஓய்வுக்குப் பின் அவர் விரும்பியது பயிற்சியாளர் வேலை. எந்த என்.பி.ஏ. அணியும் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தவில்லை. 1998-ல் அரிசோனாவில், அப்பாச்சி பழங்குடியினர் வாழும் நிலத்தில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய், ஒரு டாலர் ஊதியத்துக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கோர்ட்டில் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கே தலைமையாசிரியரிடம் மூன்று முறை நின்ற என்னைப் போன்றவர்களுக்கு, அவர் எடுத்த 38,387 புள்ளிகளைவிட அந்த ஒரு டாலர்தான் நெஞ்சில் நிற்கிறது. கட்டுரையில் அதற்கு இடம் இல்லாமல் போனது. அருகிலேயே ஒரு கிரிக்கெட் வீரரின் புதிய சிகையலங்காரத்துக்கு இடம் இருந்தது.

தங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. கூடைப்பந்தில் விழுவதைக் 'கோல்' என்று எழுதியதற்கு ஒன்று, 2023 பிப்ரவரியில் லெப்ரான் ஜேம்ஸ் கரீமின் புள்ளிச் சாதனையைத் தாண்டியபோது கரீம் படம் என்று வேறொருவர் படத்தைப் போட்டதற்கு ஒன்று, எங்கள் மாவட்டப் பெண்கள் போட்டி முடிவை மூன்று வாரம் கழித்தும் வெளியிடாததற்கு ஒன்று. மூன்றுக்கும் பதில் இல்லை. பணிச்சுமை இருக்கும், வருத்தமில்லை.

கேட்பது ஒன்றே. அவர் வென்ற என்.பி.ஏ. பட்டங்கள் ஐந்து என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஆறு. லேக்கர்ஸோடு வென்றவை ஐந்து. 1971-ல் மில்வாக்கி பக்ஸோடு ஒன்று. அவர் வருவதற்கு முந்தைய ஆண்டு 82 ஆட்டங்களில் 27 மட்டும் வென்ற அணி அது. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போதும். இக்கடிதத்தையும் வெளியிட எண்ணி, இடம் போதாமல் சுருக்க நேர்ந்தால், என் பள்ளிக் கதையை எடுத்துவிடுங்கள். மில்வாக்கியை எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்