பச்சைக் குழந்தைக்கு முதியோர் பட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு அறிவியல் பக்கத்தில் பால்வீதியின் வெளி விளிம்பு நட்சத்திரங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ‘உலோகம் குறைவாக இருப்பதால் இவை மிகப் பழைமையானவை’ என்று முடிகிறது. அதற்கு மேலேயே ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த டிகெல் மேகங்களின் (அந்த விளிம்பில் நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகங்கள்) படம்! 2024-ல் வெளியான அந்தப் படத்தில் இருப்பவை இப்போதுதான் பிறந்து, இன்னும் வாயுவைப் பீய்ச்சிக்கொண்டிருப்பவை. படத்தையாவது ஒருமுறை பார்த்திருக்கலாம்.

உங்களுக்குத் தெரியாததல்ல, வானியலில் ஹீலியத்தைத் தாண்டிய ஆக்சிஜன், கார்பன், இரும்பு எல்லாமே உலோகக் கணக்குதான், அவை முந்தைய நட்சத்திரங்களுக்குள் சமைந்து, அந்த நட்சத்திரங்கள் சாகும்போது வாயுவில் கலந்தவை. பால்வீதியின் மையத்துப் பக்கம் நட்சத்திரங்களின் பிறப்பும் இறப்பும் அதிகம், வாயுவில் சரக்கு சேர்ந்துவிட்டது. டிகெல் மேகங்கள் மையத்திலிருந்து 58,000 ஒளியாண்டுக்கும் அப்பால், சூரியனைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தள்ளி இருக்கின்றன. அங்கே நேற்றுப் பிறந்த நட்சத்திரத்துக்கும் உலோகம் குறைந்த அந்த வறண்ட வாயுதான் கதி. வயதுதான் காரணம் என்றால் 460 கோடி ஆண்டு வயதான நம் சூரியனில் அந்தக் குழந்தைகளை விட இரும்பு அதிகமாக இருப்பது எப்படி? சீரான இடைவெளியில் ஒளி கூடிக் குறையும் செஃபீட் நட்சத்திரங்களும் சூரியனை விட எவ்வளவோ இளையவைதான், நிறமாலையில் பார்த்தால் வெளியே போகப்போக அவற்றிலும் இரும்பு குறைந்துகொண்டே வருகிறது.

இது முதல் தடவை என்றால் சும்மா இருந்திருப்பேன். ஒளியாண்டைக் காலம் என்று போட்டீர்கள், ஓவியர் வரைந்த கற்பனையைப் புகைப்படம் என்றீர்கள், இரண்டுக்கும் எழுதினேன், பதிலே இல்லை. பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். ஒரு பையனைத் திருத்தினால், “பேப்பர்லயே போட்டிருக்கே சார்” என்று உங்கள் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டு வந்து நீட்டுவான், நான்தான் திருதிருவென விழிக்க வேண்டும். அதே சமயம் ராசிபலனில் கும்பத்துக்கு உரியது மீனத்தில் வந்துவிட்டால் மறுநாளே வருந்துகிறீர்கள். அரைப் பக்கம் வேறு, தினமும்! அறிவியலுக்கு வாரம் ஒருநாள், அதிலும் பாதி நகைக்கடை விளம்பரம்.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ‘அவை இளம் நட்சத்திரங்கள், உலோகம் குறைவதற்குக் காரணம் இடம், வயது அல்ல’ என்று இரண்டு வரி, அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில். விளம்பரம் கூடுதலாக வந்துவிட்டால் ஒரு வரியாகச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்