மிகவும் ஒழுங்கான பதிவேடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, உன் கைப்படவே எழுதும் அளவுக்குத் தேறிவிட்டாய் என்பதில் பெரிய நிம்மதி. சிறை ஆய்வுக் குழுவின் தலைமைப் பொறுப்பை நான் ஏற்று வரும் மாதத்தோடு நான்கு ஆண்டுகள் நிறைகின்றன. "போய்ப் பார்க்கிறீர்கள், அறிக்கை எழுதுகிறீர்கள், அதனால் என்ன மாறுகிறது?" என்று கேட்டிருந்தாய். காலமெல்லாம் கணக்குத் தணிக்கை செய்தவன் கேட்கக்கூடிய கேள்விதான் இது. ஆகையால் உன் தொழில் வழியாகவே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முன்னறிவிப்பு இல்லாமல் போவதே எங்கள் வழக்கம். அப்படிப் போனாலும், வாயிலில் எங்கள் அடையாள அட்டைகளைச் சரிபார்த்து முடிப்பதற்குள் உள்ளே செய்தி பரவிவிடும். முதல் தொகுதிக்குள் நாங்கள் நுழையும்போது தரை இன்னும் ஈரமாக இருக்கும். எனவே முதல் நாள் கண்ணில் படுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே போனதும் குழுவைப் பிரித்துவிடுவேன். மருத்துவர் சிகிச்சைப் பகுதிக்கும், ஒருவர் சமையற்கூடத்துக்கும், ஒருவர் பதிவேட்டு அறைக்கும் போக, அதிகாரிகள் எங்களைக் கடைசியாக எங்கே அழைத்துப்போக நினைக்கிறார்களோ அங்கே நான் முதலில் போவேன். பெரும்பாலும் அது தண்டனை அறைகள் இருக்கும் பகுதியாகத்தான் இருக்கும்.

கணக்கு அளவுக்கு மீறிச் சரியாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று நீ அடிக்கடி சொல்வாயே, அது இந்த வேலையில் எனக்குப் பல முறை உதவியிருக்கிறது. தற்கொலை எண்ணம் உள்ளதாகக் கருதப்படும் சிறைவாசியை இரவு முழுவதும் அடிக்கடி பார்த்து, பார்த்த நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒரு சிறையில் அந்தப் பதிவேட்டைப் புரட்டியபோது 10.00, 10.15, 10.30 என்று விடியும்வரை ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் எழுதியிருந்தது. மை ஒன்று, கையெழுத்து ஒன்று, அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. கண்காணிப்பு கேமராப் பதிவைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டோம். நள்ளிரவுக்குப் பிறகு இரண்டரை மணி நேரம் அந்த நடைவழியில் எவருடைய காலடியும் படவில்லை. குழுவில் இளையவர் ஒருவர் கொதித்துப்போய், அந்தக் காவலரின் பெயரை அறிக்கையில் போட வேண்டும் என்றார். பணிப்பட்டியலைப் பார்த்த பிறகுதான், அன்றிரவு அந்த ஒரே மனிதர் இரண்டு மாடிகளுக்கும் பொறுப்பாக இருந்தார் என்பது தெரிந்தது. அறிக்கையில் நான் எழுதியது இரவுப் பணியில் போட்டிருந்த ஆள்களின் எண்ணிக்கையைப் பற்றி. பொய்யாக எழுதியதும் அதில் இருந்தது, பெயர் மட்டும் இல்லை. அது சரியா என்று இன்றும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

எண்களுக்குக் குறைவில்லை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ உருப்படியான மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்து வைப்பதைத் தனிமைச் சிறை என்றும், அது தொடர்ச்சியாக 15 நாள்களைத் தாண்டினால் தடை செய்யப்பட்டது என்றும் சொல்கின்றன. நல்ல விதிதான். ஆனால் 14 நாள் அடைத்து, ஒரு நாள் வெளியே விட்டு, மறுபடி 14 நாள் அடைத்த கணக்கையும் பார்த்திருக்கிறேன். வரவு செலவை மாதக் கடைசியில் தள்ளி எழுதும் உன் பழைய வாடிக்கையாளர்கள் நினைவுக்கு வந்தார்கள். சித்திரவதைத் தடுப்புக்கான ஐரோப்பியக் குழு, பலர் தங்கும் அறையில் ஆளுக்குக் குறைந்தது 4 சதுர மீட்டர் என்கிறது. நாடாவைப் பிடித்து அளந்தால் அது தெரிந்துவிடும். அவசர மணியை அழுத்தினால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்பதை அறைக்குள் நாங்களே உட்கார்ந்து அழுத்திப் பார்த்தால்தான் அறிய முடியும்.

இப்படி நேரில் போய் அளந்து எழுதும் வழக்கத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஜான் ஹோவர்டின் நினைவு வரும். 1773-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில், மாவட்டச் சிறைக்கும் பொறுப்பான ஷெரீஃப் என்ற பதவியில் இருந்தபோது, குற்றமற்றவர் என்று விடுதலை ஆனவர்கள்கூடச் சிறைக்காவலருக்குக் கட்ட வேண்டிய கட்டணம் இல்லாததால் உள்ளேயே கிடப்பதைக் கண்டு, ஊர் ஊராகப் போய்ச் சிறைகளைப் பார்த்து, 1777-இல் கண்டவற்றை வெளியிட்டவர் அவர். உடையில் ஏறிய நாற்றம் தாங்காமல் மூடிய வண்டியை விட்டுக் குதிரையில் பயணம் செய்தாராம். அவரை யாரும் சிறைத்துறையிலிருந்து அனுப்பவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். மண்டேலா விதிகளும், துறை தானே செய்யும் ஆய்வோடு நின்றுவிடாமல், துறைக்கு வெளியே உள்ள சுதந்திரமான அமைப்பின் ஆய்வும் வேண்டும் என்கின்றன. எந்தச் சிறைக்குப் போவது என்று தானே தேர்ந்தெடுக்கவும், சிறைவாசிகளோடும் ஊழியர்களோடும் தனியாகப் பேசவும் அந்த அமைப்புக்கு உரிமை இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

தனியாகப் பேசுவது என்றேன். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டில், நான்கு பேர் மட்டுமே இருந்த ஒரு பகுதியில் ஒருவர் என்னிடம் மனம்விட்டுப் பேசினார். ஆய்வு முடிந்து அதிகாரிகளோடு நடந்த கூட்டத்தில், எங்கள் வாதத்துக்கு வலுச் சேர்க்க, அவர் சொன்ன ஒரு விவரத்தை நான் எடுத்துச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மூன்று வாரத்தில் அவர் தொலைதூரச் சிறை ஒன்றுக்கு மாற்றப்பட்டார். தையற்கூட வேலை போயிற்று. அவருடைய தாயாரால் அவ்வளவு தூரம் பயணம் செய்து பார்க்க முடியவில்லை. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மாற்றல் உத்தரவிலோ 'நிர்வாகக் காரணம்' என்று இருந்தது. நாங்கள் எழுதிக் கேட்டோம், பதிலும் ஒழுங்காக வந்தது. இந்த ஆண்டு அந்தச் சிறைக்குப் போனபோது அவரைப் பார்க்க விரும்பினேன். பேச விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது அவருடைய உரிமை. அப்படியே குறித்துக்கொண்டு திரும்பினேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். உத்தரவிடும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, பரிந்துரை மட்டும்தான். ஆனால் அறிக்கை வெளியாகிறது, நாங்கள் மறுபடியும் போகிறோம். அந்தப் பதிவேட்டுச் சிறையில் இப்போது இரவில் மாடிக்கு ஒருவர் இருக்கிறார். குளியலறைக் கூரை மட்டும் மூன்றாவது முறையும் அப்படியே ஒழுகுகிறது.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். உன் உதவி தேவை. பேசியவர் யார் என்று எவரும் ஊகிக்க முடியாதபடி, பட்டியலில் ஒவ்வொரு ஏழாவது பெயரையும் அழைத்து, சொல்ல ஏதுமில்லாதவரோடும் அதே அளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோம். நூறு பேர் உள்ள தொகுதிக்கு இது போதும். நான்கு பேர் மட்டும் இருக்கும் பகுதியில் நால்வரையும் அழைத்தாலும், வாய் திறந்தவர் எவர் என்பதை அறிக்கை வந்த பிறகு எளிதாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சிறிய கிளைகளைத் தணிக்கை செய்யும்போது, தகவல் தந்த எழுத்தரை நீ எப்படிக் காப்பாற்றினாய்? கண்ணுக்கு ஓய்வு கொடுத்த பிறகு எழுது; அடுத்த ஆய்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்