டிலாவா கப்பல்: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இந்திய வெளியுறவு அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். எஸ்.எஸ். டிலாவாவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட அந்தக் கப்பலை 1942 நவம்பர் 23 அன்று ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கி மூழ்கடித்தது. 280 பேர் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் நம்மவர்கள்.

என்னை எழுத வைத்தது அதில் இருந்த வெள்ளி. தென்னாப்பிரிக்க அரசு வாங்கிய 2,364 வெள்ளிக் கட்டிகளை 2017இல் கடலடியிலிருந்து எடுத்தார்கள். அந்த வெள்ளி பற்றிய வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024இல் தீர்ப்பும் வந்துவிட்டது. செத்தவர்களுக்காக ஒரு ராணுவ நீதிமன்றம்கூடக் கூடவில்லை.

முதல் டார்பிடோவில் கப்பல் உடனே மூழ்கவில்லை. படகில் இறங்கியவர்களில் சிலர், கப்பல் தாங்கும் என்று நம்பித் திரும்ப ஏறினார்கள். அப்புறம்தான் இரண்டாவது டார்பிடோ பாய்ந்தது. திரும்பி ஏறியவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. பயணிகளைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்காமல் வணிகக் கப்பலை மூழ்கடிக்கக் கூடாது என்ற 1936 லண்டன் விதிகளில் ஜப்பானும் கையெழுத்திட்டிருந்தது. டிலாவாவில் பீரங்கி இருந்ததே, அதற்கு அந்த விதி பொருந்தாது என்று சொல்லலாம். சரி, அதை ஒரு விசாரணையில் சொல்லியிருக்க வேண்டும்.

ஜப்பானிடம் ஐ-29 தாக்குதல் பற்றிய ஆவணங்களையும் முறையான வருத்தத்தையும் இந்தியா அரசாங்க மட்டத்தில் கேட்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

1944இல் பெகார் என்ற பிரிட்டிஷ் கப்பலில் பிடிபட்டவர்களை ஜப்பானியக் கடற்படையினர் கொன்றதற்கு ஹாங்காங்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் கூடியது. ஜப்பானிய வைஸ் அட்மிரல் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். கைதிகளைக் கொன்ற அந்தக் குற்றம் வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் டிலாவாவுக்கு ஒரு கேள்விகூட எழவில்லையே! அதே ஐ-29தான் 1943 ஏப்ரலில் நேதாஜியை நடுக்கடலில் ஏற்றிக்கொண்டது. அதைப் பெருமையோடு சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஐந்து மாதம் முன்பு அது யாரைக் கொன்றது என்பதையும் பள்ளிப் பாடத்தில் சொல்லலாமே. நம் நட்பு நாடுகளின் பழைய தவறு என்றாலே நமக்கு வாய் அடைத்துக்கொள்கிறது.

1952 சமாதான உடன்படிக்கையில் இந்தியா இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்தது. நான் பணம் கேட்கவில்லை. ஐ-29ஐ 1944இல் அமெரிக்கர்கள் மூழ்கடித்துவிட்டார்கள், தண்டிக்கவும் கேட்கவில்லை. ஆவணங்களும் வருத்தமும் போதும். ஜப்பானிடம் தயவுசெய்து கேளுங்கள். வரும் நவம்பர் 23க்குள் குடும்பங்களுக்கு எழுத்து மூலம் பதில் தரும்படி பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்