இரத்த மாதிரி எடுப்பதில் செவிலியர்களுக்குச் செய்முறைப் பயிற்சி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரத்தப் பரிசோதனை முடிவில் ஏதேனும் கோளாறு என்றால் நோயாளியின் வீட்டார் முதலில் குறை சொல்வது ஆய்வகத்தையும் அங்குள்ள கருவியையும்தான். ஆனால் ஆய்வகப் பிழைகளில் பெரும்பகுதி, ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு வரை, மாதிரி கருவிக்குள் போவதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது என்பது இத்துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி. குமரி மாவட்டத்தில் ஆய்வக நுட்பநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனது அனுபவமும் அதுவே.

ஒருமுறை, வயதான அம்மா ஒருவரின் மாதிரியில் பொட்டாசியம் 8-க்கு மேலும் கால்சியம் 5-க்குக் கீழும் காட்டியது. அது உண்மையானால் இதயத் துடிப்பே தாறுமாறாகி அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்திருக்க வேண்டும். அவரோ வார்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். விசாரித்ததில், சிவப்பு மூடி டியூபில் இரத்தம் போதாததால் ஊதா மூடி டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருந்தது தெரியவந்தது. ஊதா மூடி டியூபில் இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கப்படும் இ.டி.டி.ஏ. ஒரு பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தச் செவிலியர் பொறுப்பற்றவர் அல்லர். கிழவியை இன்னொரு முறை குத்த மனம் வராமல் செய்தது அது. அப்படிச் செய்யக்கூடாது என்பதை அவருக்கு யாரும் காரணத்தோடு சொல்லித் தந்திருக்கவில்லை.

இதைவிட அடிக்கடி நேர்வது சிவப்பணுக்கள் உடைந்துபோவது. கையில் ஸ்பிரிட் உலருமுன் குத்துவது, மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுப்பது, எடுத்த இரத்தத்தை அதே ஊசி வழியாக டியூபுக்குள் அழுத்திப் பீய்ச்சுவது, பிறகு டியூபைக் குலுக்குவது ஆகிய எல்லாமே இதற்குக் காரணங்கள். சென்ட்ரிஃபியூஜ் என்னும் சுழற்றும் கருவியில் சுற்றி எடுத்தால், வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் நீர்) செந்நிறமாக இருக்கும். அந்த மாதிரியைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. நரம்பு புடைக்கக் கையில் கட்டும் டூர்னிகே பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்திருப்பதும், டிரிப்ஸ் ஏறும் கையிலேயே இரத்தம் எடுப்பதும் முடிவுகளைப் பொய்யாக்கும். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையில் எடுத்த மாதிரி, சர்க்கரை நோயே இல்லாதவரையும் இன்சுலின் போடும் நிலைக்குத் தள்ளிவிடக்கூடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பெயர் மாறுவது. நம் மாவட்டத்தில் ஒரே வார்டில் இரண்டு மேரி, இரண்டு செல்வி இருப்பது புதுமையல்ல. தலைப்பெழுத்தும் ஒன்றாகவே அமைந்துவிடுவதுண்டு. காலை வேலை நெருக்கடியில், முன்கூட்டியே பெயர் எழுதி டிரேயில் அடுக்கிய டியூப்களோடு கட்டில் கட்டிலாகப் போகும் வழக்கத்தை நிறுத்தியே ஆக வேண்டும். நோயாளியைத் தம் பெயரைச் சொல்லச் செய்து, உள்நோயாளி எண்ணையும் ஒத்துப்பார்த்து, இரத்தம் எடுத்தபின் கட்டிலருகிலேயே டியூபில் எழுதுவதுதான் முறை. இரத்தப் பிரிவு பார்க்கும் மாதிரியில் இது பிசகினால், பொருந்தாத இரத்தம் ஏற்றப்பட்டு உயிரே போகலாம்.

ஆகவே, மாவட்ட மருத்துவ நிர்வாகம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் துணையோடு முறையான பயிற்சி ஒன்றைத் தொடங்க வேண்டுகிறேன். அரங்கில் உட்காரவைத்துப் படம் காட்டிச் சான்றிதழ் கொடுக்கும் பயிற்சியால் பயன் மிகக் குறைவு. (அத்தகைய கூட்டங்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பது எல்லாரும் அறிந்ததே.) ஆய்வக நுட்பநர் வார்டுக்குச் சென்று இரத்தம் எடுப்பதை அருகிலிருந்து பார்க்கட்டும், செவிலியர்கள் சிறுசிறு குழுக்களாக ஆய்வகத்துக்கு வந்து, தாங்கள் அனுப்பிய மாதிரி என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்கட்டும். கெட்டுப்போன சீரத்தை ஒரு தடவை பார்த்தவருக்கு டியூபைக் குலுக்கக் கை வராது. ஒரு டியூபிலுள்ள மருந்து அடுத்ததில் கலந்துவிடாதபடி டியூப்களை நிரப்பும் வரிசையையும் — கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டில், பிறகு மூடி நிறப்படி நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல் — ஒவ்வொரு வார்டின் டிரேயிலும் நிறங்களோடு ஒட்டிவைக்கலாம்.

பேச்சிப்பாறை போன்ற மலையோர ஊர்களிலிருந்து மாதிரிகளை வெகுதூரம் அனுப்ப வேண்டியிருப்பதால், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களையும் இதில் சேர்ப்பது அவசியம். சர்க்கரை குறையாமல் காக்கும் மருந்து சேர்த்த சாம்பல் மூடி டியூபில் எடுக்காத இரத்தத்தில் சர்க்கரை அளவு மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறைந்துகொண்டே போகும் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

திருப்பி அனுப்பப்படும் மாதிரிகளைக் காரணத்தோடு பதிவேட்டில் குறித்து, வார்டுவாரியாக மாதந்தோறும் செவிலியர் கண்காணிப்பாளரிடம் கொடுத்தால், எந்த வார்டுக்கு மறுபயிற்சி வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்தப் பதிவேட்டை வைத்து எவருக்கும் மெமோ கொடுப்பதில்லை என்று நிர்வாகம் முதலிலேயே உறுதியளிக்க வேண்டும். இல்லையெனில் பிழைகளை யாரும் எழுதவே மாட்டார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.